விலகல் பூஜ்யம்

பட்டாளத்தில் குண்டடி பட்டு விழுந்தவர்களைவிடக் கால் புண்ணால் விழுந்தவர்கள்தான் அதிகம் என்று எங்கள் பூட்ஸ் கம்பெனி டைரக்டர் இம்தியாஸ் அகமது யாரைப் பார்த்தாலும் சொல்வார். அந்தக் கணக்கை எங்கே பிடித்தார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் ராணுவ பூட்ஸ் ஒரு காலை என்ன பாடு படுத்தும் என்பது எனக்குத் தெரியும். பதினேழு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பூருக்கு வெளியே ஒரு பழைய தோல் கிடங்குக்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, பாத ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். மழை பெய்தால் அங்கே இன்னமும் பச்சைத் தோல் வாடை அடிக்கும். அங்கே நான் தலைமைச் சோதனையாளர். பெயர் மேரி சுகிர்தா. இப்போது அந்த வேலையில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வெறுங்காலோடு நடக்கிறவன் எடை உள்ளங்கால் முழுக்கப் பரவி இறங்கும். விறைத்த பூட்ஸுக்குள் அது நடக்காது. அடிப்பாகம் வளைந்து கொடுக்காததால் எடை குதிகாலிலும் பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டிலும் போய்க் குவியும். முதுகில் இருபத்தைந்து கிலோ மூட்டையும் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். அழுத்தத்தை நிறமாகக் காட்டும் எங்கள் திரையில் அந்த இரண்டு இடமும் ரத்தச் சிவப்பாகத் தெரியும். சாதாரணச் செருப்பு போட்டவன் கால் அதே திரையில் பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும்.

இதற்கு மாற்றாகத்தான் எங்கள் புது இன்சோல் வந்தது. பூட்ஸுக்குள் காலுக்கு அடியில் வைக்கிற அட்டை. அதில் தொண்ணூற்றாறு சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு திரவம். மின்சாரம் பட்டால் அது கெட்டியாகும், விட்டால் இளகும். காலடி தரையில் பட்டு எழுவதற்குள் இந்த அறைகள் இறுகியும் இளகியும் எடையைத் தள்ள வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிடும். எந்த இடத்துக்குத் தள்ளுவது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே? அதற்காக நல்ல நடைக்காரர் ஒருவரைத் தேடினோம். அவர் நடையைப் பதிவு செய்து எல்லா பூட்ஸிலும் ஏற்றிவிட்டால், போட்டுக்கொண்டவன் யாரானாலும் அவரைப் போலத்தான் நடப்பான்.

நல்ல நடை எது என்பதற்கு அளவுகோல் எழுதச் சொன்னார் இம்தியாஸ். எழுதியது நான்தான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ட்ரெட்மில் என்கிற ஓடுபட்டையில் மூட்டையோடு முப்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் கிலோமீட்டரின் அழுத்தப் படத்தையும் கடைசி கிலோமீட்டரின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம். வித்தியாசத்துக்கு விலகல் என்று பெயர் வைத்தேன். எவ்வளவு நல்ல நடைக்காரரானாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் விலகல் வந்துவிடும். பார்த்தால் நொண்டல் மாதிரித் தெரியாது. எடை மட்டும் சிவந்த இடத்திலிருந்து நைசாக நழுவிப் பாதத்தின் ஓரத்துக்குப் போகும், பிறகு குதிகாலுக்கு வரும், பிறகு அடுத்த காலுக்குத் தாவும். சோர்வால் வரும் பிழை என்று நான் அதை எழுதினேன். பிழை குறைந்த நடையே நல்ல நடை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்து மூன்று பேரை நடக்க வைத்துப் பார்த்தோம். ஐம்பத்து மூன்று பேருக்கும் விலகல் இருந்தது.

ஐம்பத்து நாலாவதாக வந்தவர் கோதண்டன். ஜோலார்பேட்டைக்காரர், வயது ஐம்பத்து மூன்று, ரயில்வேயில் கீமேனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் சாவிகள் கழன்றிருக்கின்றனவா என்று சுத்தியலும் கையுமாக நடந்தே பார்க்கிற வேலை அது. இருபத்தாறு வருஷம், தினமும் ஜல்லிமேல் மைல் கணக்கில் நடந்திருக்கிறார்.

"கால் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"காலுக்கு இன்னா மேடம், கல்லு மாதிரி கீது."

உடல் தகுதிப் படிவத்தில் ஆறாவது வரி உணர்வுச் சோதனை. அதற்குத் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நரம்பு வைத்திருப்போம். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் பத்து இடத்தில் அதன் நுனியை வளைகிற அளவுக்கு அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் காலைப் பிடிக்கப் போனேன். இரண்டு காலையும் வெடுக்கென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம்மா. நீங்க போயி என் காலத் தொடறதா?"

"இது டெஸ்ட்டுண்ணே."

"இன்னா டெஸ்ட்டா இருந்தாலும் சரி. படிச்சவங்க, மகாலட்சுமி மாதிரி கீறீங்க. நீங்க என் காலப் புடிச்சா அந்தப் பாவம் எனக்குத்தான். வேற எது வேணா செய்ங்க, நான் தடுக்கல."

என்னைப் போய் மகாலட்சுமி என்கிறாரே, எங்கள் பாஸ்டர் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு முன்னால் வந்தவர்களிலும் பாதிப் பேர் இப்படித்தான் கூச்சப்பட்டார்கள். அவர்களை அதட்டி உட்கார வைத்துச் சோதனையை முடித்திருக்கிறேன். இவரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் காட்டிய மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து ஊரார் கால்களைப் பிடித்துப் பிடித்து அலுப்பும் தட்டியிருந்தது. ஆறாவது வரியில் 'இயல்பு' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அன்றைக்குக் கோதண்டன் நடந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பத்தாவது கிலோமீட்டரில் படம் மாறவில்லை. பதினைந்தில் மாறவில்லை. இருபதில் இம்தியாஸ் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முப்பது முடிந்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றாக வைத்தேன். இரண்டும் ஒரே படமாகத் தெரிந்தன. திரையில் 'விலகல் பூஜ்யம்' என்று வந்தது. இம்தியாஸ் ஓடிப்போய் அந்த வியர்வை உடம்பை அப்படியே கட்டிக்கொண்டார்.

"கால் வலிக்கலையாண்ணே?" என்றேன்.

"வலியா? அதெல்லாம் நடந்து பழகாதவங்களுக்கு மேடம்."

எல்லோரும் சிரித்தோம். இம்தியாஸ் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பி மக்கன் பேடா வாங்கி வரச் சொன்னார். கோதண்டன் மட்டும் வேண்டாம் என்று கையைக் கூப்பினார். இனிப்பு ஒத்துக்காது என்றார். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் அவர் நடையைப் பதிவு செய்தோம். முதல் தவணையாக ஒன்பதாயிரம் ஜோடி பூட்ஸ் மலை எல்லையில் இருக்கும் ஒரு படைப்பிரிவுக்குப் போனது. கோதண்டனை எங்கள் கூடத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டோம். புதுசாகத் தயாராகும் பூட்ஸைப் போட்டு நடந்து, தன் நடை அதில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வேலைக்கு வரும்போது இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

"ரயில்வேல அத்தினி வருஷம் நடந்தேன் மேடம். ஒரு ஆபீசரும் நான் நடக்கறதப் பாத்ததில்ல. இப்ப ஒம்பதாயிரம் சோல்ஜருங்க என்ன மாதிரி நடக்கறாங்கன்னு நெனச்சா, சாப்புடவே தோண மாட்டேங்குது. எங்க வீட்டுல சம்பூர்ணம் இன்னா சொல்றா தெரியுமா? டிவியில பரேடு காட்டுனா எழுந்து நில்லுய்யா, அது நீதான்னு."

அந்த ஒன்பதாயிரம் பேரில் என் அக்கா மகன் பென்னியும் ஒருவன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது பட்டாளத்துக்காரர்கள் இருப்பார்கள். அக்கா கிரேஸுக்கு அவன் ஒரே பிள்ளை, எனக்கும் அவன்தான் பிள்ளை. முதல் மாசம் போனில் ஒரே குதியாட்டம்.

"சித்தி, சூப்பர் சித்தி. பூட்ஸே நடக்குது. நாங்க சும்மா மேல உக்காந்துகிட்டுப் போறோம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோதண்டனைக் கூப்பிட்டு அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்க வைத்தேன்.

எட்டாவது மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்லுடா."

"பெருவிரலுக்குக் கீழ எரியுது. கொஞ்ச நாளாவே இருக்கு. எரியற எடத்த விட்டுட்டு காலச் சாய்ச்சு வைக்கலாம்னு பாக்கறேன். பூட்ஸ் விட மாட்டேங்குது. திரும்ப அதே எடத்துலதான் கொண்டாந்து அழுத்துது."

"கழட்டிப் போட்டுட்டு உக்காருடா."

"எல்லாரும் நடக்கறப்ப நான் மட்டும் எப்படி உக்கார்றது? நொண்டினாலாவது பாத்துட்டு லீவு குடுப்பாங்க. இங்க யாருமே நொண்டல சித்தி. அதான் எனக்கு பயமா இருக்கு. ராத்திரி பூட்ஸக் கழட்டினா பாதிப் பேருக்குப் புண்ணு. காலைல போட்டுகிட்டா ஒருத்தனும் நொண்ட மாட்டேங்கறான்."

புண்ணைப் படம் பிடித்து அனுப்பினான். ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டக் குழி. சுற்றிலும் வெள்ளையாகத் தடித்த தோல். அந்த மாதிரிப் புண்ணை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு தைக்கிற பகுதியில், சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் அதுதான் இருக்கும். உணர்ச்சி செத்துப்போன காலில் வருகிற புண். இருபத்து மூன்று வயசு ஆரோக்கியமான பிள்ளைக்கு அது வர நியாயமே இல்லை.

"இன்னும் எத்தனை நாள் அங்க இருப்பீங்க?" என்றேன்.

"அடுத்த மாசம் மேல போறோம். பனிக்குள்ள. ஆறு நாள் நடை."

அந்தப் புண்ணோடு பனிக்குள் ஆறு நாள் நடந்தால் கால் கையில்தான் வரும். அக்கா பக்கத்தில் வந்து, யாரு போன்ல, பென்னியா, நல்லாயிருக்கானா என்றாள். நல்லாயிருக்கான் என்றேன்.

திங்கட்கிழமை காலை கோதண்டனை உட்கார வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"அண்ணே, இன்னைக்கு உங்க காலை நான் தொடப்போறேன். நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாது."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுக்கவில்லை. சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நைலான் நரம்பைப் பெருவிரல் நுனியில் வைத்து அழுத்தினேன். அது வளைந்தது. அடுத்து மேட்டில் வைத்தேன். பிறகு நடுப்பாதம், ஓரம், குதிகால். இடது காலில் பத்து இடமும் முடிந்து வலது காலுக்குப் போனேன். வலது காலில் ஆறாவது இடத்தில் இருக்கும்போது, கண்ணை மூடியபடியே கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா மேடம்?"

நரம்பைக் கீழே வைத்துவிட்டு என் நகத்தால் நறுக்கென்று கிள்ளினேன். அப்போதும் அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

"கண்ணைத் திறங்கண்ணே. சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?"

"பதினோரு வருஷமா கீது. அதுக்கின்னா? மாத்திரை போட்டுகினுதான் கீறேன்."

"உங்க காலுக்கு உணர்ச்சியே இல்ல."

"மரத்துப்போச்சுன்னு தெரியும் மேடம். ஜல்லி மேல நடக்கறவனுக்கு மரத்துத்தான போவும். நல்லதுதானே? வலி தெரியாம நடக்கலாம்."

எனக்கே அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

"ஒரே இடத்துல எடை விழுந்துகிட்டே இருந்தா அந்தத் தோல் சூடாகும், வலிக்கும். வலிச்சதும் கால் தானா ஒதுங்கி வேற இடத்துல ஊனும். நமக்கே தெரியாம நடக்கற வேலை அது. அந்த நேரத்துல வலிச்ச இடம் ஆறிக்கும். நல்ல கால் அப்படித்தான் தன்னைக் காப்பாத்திக்குது. நான் அந்த ஒதுங்கறதத்தான் பிழைன்னு எழுதினேன். ஒதுங்காத காலைத் தேடித் தேடி உங்களைப் பிடிச்சேன். உங்க கால் நல்லா இருக்கறதால ஒதுங்காம இல்லண்ணே. அதுக்கு வலி தெரியல, அதனால ஒதுங்கல."

குனிந்து தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு?"

"அவங்களுக்கு வலிக்குது. பூட்ஸ் ஒதுங்க விடல."

போனில் பென்னி அனுப்பிய படத்தைக் காட்டினேன். பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சொல்லிடுங்கம்மா," என்றார். "என் வேலை போனா போவுது. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிடுங்க." சொல்லிவிட்டுச் சாக்ஸைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

இம்தியாஸ் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். நடையில் பின்தங்கியவர் ஒருவர்கூட இல்லை என்று படைப்பிரிவு அனுப்பிய பாராட்டுக் கடிதம்.

"யாருமே நிக்கலை. அதுக்காக நம்மளப் பாராட்டறாங்க சுகிர்தா."

"நிக்க முடியாம பண்ணது நாம சார்."

"ஆறு வாரம் குடுங்க. ட்ரயல் முடிஞ்சிடும். அடுத்த தவணையில வேற நடை ஏத்திக்கலாம். சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

"நாலு வாரத்துல பனிக்குள்ள போறாங்க."

நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எங்க அத்தாவுக்கும் இந்தச் சக்கரைக் கால்தான். ரெண்டு விரலு எடுத்தாங்க. கோதண்டனப் பாத்து எனக்கே தோணியிருக்கணும்." பிறகு கேட்டார். "ஃபார்ம்ல இயல்புன்னு கையெழுத்து யாருது?"

"என்னுது."

"டெஸ்ட் பண்ணாமலேயா?"

"பண்ணாமதான்."

"அத எழுதினா உங்க கதை முடிஞ்சுது, தெரியும்ல? எழுதாம வெறுமனே பூட்ஸ் சரியில்லைன்னு சொன்னா எவனும் நிறுத்த மாட்டான்."

"தெரியும் சார்."

எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நீங்க இங்க வரல. நானும் எதையும் கேக்கல. போங்க," என்றார்.

ராணுவ மருத்துவப் பிரிவுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். படிவத்தின் நகலையும், கோதண்டனுக்கு அன்று செய்த சோதனையின் முடிவையும், பென்னியின் பெயரை எடுத்துவிட்டு அந்தப் படத்தையும் சேர்த்தேன். நான் செய்த தப்பை மறைக்காமல் எழுதினேன். அதற்குப் பிறகு நான் பயந்ததைவிட வேகமாகக் காரியம் நடந்தது. அங்கே ஒரு டாக்டர் ஏற்கெனவே இந்தப் புண்களைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். பத்தொன்பதாம் நாள் ஒன்பதாயிரம் ஜோடி பூட்ஸும் திரும்ப வாங்கப்பட்டன. படை மேலே போகவில்லை. அதற்குள் புண் முற்றி முப்பத்தொரு பேருக்கு விரல் போயிற்று, நாலு பேருக்குப் பாதமே போயிற்று. பென்னியின் புண் ஆறியது. இரண்டு மாசம் கட்டிலில் கிடந்தான், கால் பிழைத்தது.

என்னை விசாரித்து வேலையிலிருந்து எடுத்தார்கள். நியாயம்தான், நான் வாதாடவில்லை. கோதண்டனையும் அதே வாரம் அனுப்பிவிட்டார்கள். எட்டு மாசம் எங்கள் பூட்ஸைப் போட்டு நடந்ததில் அவர் வலது காலிலும் உள்ளுக்குள் புண் வைத்திருந்தது. அவருக்குத்தான் தெரியாதே. சீழ் எலும்புவரைக்கும் போய், ஜனவரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது சம்பூர்ணம் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தாள்.

இருந்தாலும் ஒரு திருப்தி எனக்கு இருந்தது. தப்பு செய்தேன், அதை நிறுத்தினேன். பூட்ஸ் போய்விட்டது. பழைய பூட்ஸைக் கொடுத்திருக்கிறார்கள், அது கடிக்கும், கொப்புளம் போடும், ஆனால் கடித்தால் நொண்டலாம். அதை நினைத்துத்தான் அந்த மாசங்களில் எனக்குச் சோறு இறங்கியது.

மே மாசம் பென்னி லீவில் வந்தான். கிரேஸ் வாசலிலேயே நின்று அவன் வருவதைப் பார்த்துவிட்டு, பட்டாளத்துக்குப் போய் எவ்வளவு அழகா நடக்கறான் பாருடி என்றாள். அவன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். தழும்புதான் இருந்தது. வந்த மூன்றாம் நாள், அந்த ஐயாவை ஒரு தடவை பாக்கணும் சித்தி என்றான். எங்க பசங்களுக்குள்ள அவரைப் பத்திப் பேசிக்குவோம் என்றான். ஜோலார்பேட்டைக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன்.

கோதண்டன் வீடு ஒரு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால். கோயில் முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும், வேறு வழி இல்லை. முற்றம் முழுக்கக் கருங்கல் பாவியிருக்கும். மணி ஒன்றாகியிருந்தது, கத்திரி வெயில். அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த நாற்பதடியை ஓடித்தான் கடப்பார்கள். நானும் செருப்பைக் கழற்றி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐயோ அப்பா என்று குதிகாலில் பாதி விரலில் பாதியாக ஓடினேன். அந்தப் பக்கம் வீட்டு வாசல் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் கோதண்டன் உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது.

"வாங்கம்மா, வாங்க. டான்ஸு நல்லா கீது," என்று சிரித்தார். சம்பூர்ணமும் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே காலைத் தேய்த்துக்கொண்டேன். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

பென்னி முற்றத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தான். ஓடவில்லை, துள்ளவில்லை. அளந்து வைக்கிற மாதிரி குதிகால், மேடு, பெருவிரல், மறுபடி குதிகால். முழுப் பாதமும் அழுந்தக் கல்லில் ஊன்றி, பிறகு எடுத்து, அடுத்ததை ஊன்றினான். முகம் கோணியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி!" என்று கோதண்டன் கத்தினார். "ஓடியா! கால் வெந்துடும், ஓடியா!"

"வர்றேன் ஐயா," என்றான். அதே நடையில்தான் வந்தான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். உடம்புதான் முன்னால் சாய்ந்தது, கால் அவசரப்படவில்லை. நிழலுக்கு வந்ததும் சம்பூர்ணம் சொம்புத் தண்ணீர் முழுக்க அவன் காலில் கொட்டினாள். உள்ளங்கால் இரண்டும் கன்றிச் சிவந்து, அங்கங்கே கொப்புளிக்க ஆரம்பித்திருந்தது.

"சுடலையா தம்பி உனக்கு?" என்றார் கோதண்டன். அவர் எதற்குப் பயந்து கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சுடுது ஐயா. ரொம்ப சுடுது."

"அப்புறம் ஏன் இப்படி வர்ற?"

"ஓடணும்னுதான் நெனச்சேன். கால் கேக்க மாட்டேங்குது." பிறகு என்னைப் பார்த்தான். "சொல்லலாம்னுதான் இருந்தேன் சித்தி. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல. பழைய பூட்ஸக் குடுத்துட்டாங்க. அதுலயும் இதே நடைதான் வருது. வெறுங்கால்லயும் இதேதான். முள்ளு குத்தினாக்கூட நின்னு எடுக்கத்தான் முடியுது, நொண்ட வரல. எங்க பசங்க எல்லாருக்கும் இப்படித்தான். ஒருத்தன் நொண்டிப் பாக்கறேன்னு தெனமும் பயிற்சி பண்றான். அவனுக்கும் வரல."

எட்டு மாசம், தினமும் இருபதாயிரம் அடி. எங்கள் இன்சோல் அவர்களுக்கு நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. பூட்ஸைத் திருப்பி வாங்கச் சொல்லி நான் கடிதம் எழுதினேன். இதைத் திருப்பி வாங்க யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பூர்ணம் காலிச் சொம்போடு அப்படியே நின்றாள். "தம்பி முத்தத்துல வர்றப்ப நான் பயந்தே போயிட்டேன்," என்றாள் மெதுவாக. "இவரு வர்ற மாதிரியே இருந்துச்சு."

கோதண்டன் பென்னியின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து குனிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கொப்புளத்தை லேசாகத் தொட்டார். பென்னி ஸ்ஸ் என்று காலை இழுத்துக்கொண்டான்.

"எனக்கு வலிக்கல, நான் நடந்தேன்," என்றார் என்னிடம். "இந்தப் பிள்ளைக்கு வலிக்குதேம்மா."

பிறகு பென்னி பக்கம் திரும்பினார்.

"மத்தவங்க வூட்டுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாது ஐயா," என்றான் பென்னி.

"ஒம்பதாயிரம் பேருமா இப்படி நடக்கறாங்க?"

"ஆமா."

சம்பூர்ணம் உள்ளே போய் இன்னொரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்றரை மணிக்கு எங்களுக்கு ரயில் இருந்தது. அதில் நாங்கள் போகவில்லை. வெயில் தாழ்ந்து அந்தக் கல் ஆறுகிறவரைக்கும் நாலு பேரும் வாசல் நிழலிலேயே உட்கார்ந்திருந்தோம். பென்னியின் லீவு முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.